அட்டையா? அலுவலரா?

(பட்டிமன்றத் தலைப்பு: 'தேர்தலின் நேர்மையைப் பெரிதும் காப்பது அடையாள அட்டையே! பயிற்சி பெற்ற அலுவலரே!' இடம்: புதுச்சேரி, குருசுக்குப்பம். 'பயிற்சி பெற்ற அலுவலரே' என்ற அணியில் நிகழ்த்திய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! தோளோடு தோள் நிற்கும் என் அணித் தோழர்களே! எங்களிடம் தோற்பதற்காக ஒரு வாரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கடற்காற்று வாங்க வந்து பட்டிமன்றத்தில் மாட்டிக்கொண்ட குருசுக்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே! இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! 

எதிரணியில் பேசிய வங்கி நண்பர் பிரமாதமாகப் பேசினார். "அட்டை பொய் சொல்லாது, மனுசன்தான் பொய் சொல்வான். அதனால் அட்டையை நம்புங்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு என் சட்டைப்பையில் இருக்கிற வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு படம் இருக்கிறது. அது யார் என்று எனக்கே தெரியவில்லை ஐயா! (சிரிப்பு) என் மனைவியிடம் ஒருநாள் காட்டினேன். "இந்தப் படத்தைப் பார்த்துட்டு எங்க அப்பா உங்களுக்குப் பொண்ணு குடுத்திருந்தார்னா, அவர்மேல போலீசுல புகார் கொடுத்திருப்பேன்" என்கிறாள். (பலத்த சிரிப்பு) அட்டை பொய் சொல்லாதுதான். ஆனால் முழு உண்மையையும் அது சொல்வதில்லை. அந்த அட்டையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, "சரி, இவர்தான், போகச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்கிறாரே, அவர்தான் எனக்கு ஓட்டு வாங்கித் தருகிறார். அவருக்குத் தேர்தல் நடத்தத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். எதைச் சொன்னாலும் இலக்கியத்தில் போய்த்தான் முட்டுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலப்பதிகாரத்துக்கு ஏன் சிலப்பதிகாரம் என்று பெயர்? சிலம்புதான் அங்கே அடையாள அட்டை! மதுரையில் என்ன குறை? அரசன் இருந்தான், சட்டம் இருந்தது, காவலர் இருந்தார்கள். அடையாளமும் இருந்தது. கோவலன் கையில் ஒரு சிலம்பு. அரசியிடம் காணாமல் போனதும் ஒரு சிலம்பு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல. பார்க்கத் தெரிந்தவன் என்ன செய்திருப்பான்? உடைத்து உள்ளே என்ன பரல் என்று பார்த்திருப்பான். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு நிமிட வேலை! அதைச் செய்யாததால் ஒரு உயிர் போயிற்று. அப்புறம் அரசன் உயிர் போயிற்று, அரசி உயிர் போயிற்று, ஊரே எரிந்தது. அடையாளம் குறைந்ததாலா மதுரை எரிந்தது? அடையாளத்தைச் சரிபார்க்கத் தெரியாதவர்கள் கையில் அது சிக்கியதால் எரிந்தது. (கைதட்டல்)

அடுத்து சகுந்தலை. மோதிரம் ஆற்றில் விழுந்துவிட்டது, மீன் விழுங்கிவிட்டது. துஷ்யந்தன் என்ன சொன்னான்? மோதிரம் இல்லையா, நீ என் மனைவியே இல்லை! சாபம் என்று கதையில் சொல்வார்கள். இருக்கட்டும். இன்றைக்கும் அந்தத் துஷ்யந்தன் பல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு எந்த முனிவர் சாபம் கொடுத்தார்? (சிரிப்பு) மோதிரத்தை மீட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு மீனவர்! குருசுக்குப்பத்து மக்கள் இதற்குக் கட்டாயம் கைதட்ட வேண்டும். (பலத்த கைதட்டல்)

அதே சமயம் சரியாகச் சோதித்தவரும் நம் இலக்கியத்தில் இருக்கிறார். அசோகவனத்துச் சீதை. ஏற்கெனவே ஒருத்தன் துறவி வேடத்தில் வந்து ஏமாற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது ஒரு வானரம் வந்து "நான் இராமனின் தூதன்" என்கிறது. கம்பனுடைய சீதை 'எடு அட்டையை' என்று கேட்கவில்லை. "இராமன் எப்படி இருப்பான், சொல்" என்று கேட்கிறாள். அனுமன் அடி முதல் முடி வரை சொல்கிறான். கணையாழி வருவது அதற்கப்புறம்தான். முதலில் கேள்வி, பிறகு அடையாளப் பொருள், இரண்டும் பொருந்தினால் நம்பிக்கை. நடுவர் அவர்களே, உலகத்திலேயே சிறந்த முதலாம் வாக்குப்பதிவு அலுவலர் சீதாப்பிராட்டிதான்! (கைதட்டல்)

சரி, கதையை விடுங்கள். நடப்புக்கு வருகிறேன். வாக்குச்சாவடிக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள்? நாம் உள்ளே போகிறோம், மை வைத்துக்கொள்கிறோம், பொத்தானை அமுக்குகிறோம், வந்துவிடுகிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதே இல்லை.

தலைமை அலுவலர் ஒருவர். அவருக்குக் கீழே வாக்குப்பதிவு அலுவலர்கள். முதலாமவர் கையில் வாக்காளர் பட்டியல். அவர்தான் நம் அடையாளத்தைப் பார்க்கிறார். பெயரையும் வரிசை எண்ணையும் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படிக்கிறார். ஏன் உரக்கப் படிக்க வேண்டும்? எதிரே கட்சிக்கு ஒருவராக ஏஜெண்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அவர் இல்லையே இவர்' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, அதற்காக! இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு சீட்டுக் கொடுக்கிறார். அந்த மை 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூரிலிருந்து வருகிறது. மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, விரலில் மை இருக்கிறதா என்று பார்த்து, இயந்திரத்தைத் திறந்து விடுகிறார். நாம் பொத்தானை அமுக்குகிறோம், நாம் யாருக்குப் போட்டோம் என்கிற காகிதம் கண்ணாடிக்குள்ளே 7 விநாடி தெரிகிறது, விழுந்துவிடுகிறது.

இந்த மூன்று பேரும் யார்? வானத்திலிருந்து குதித்தவர்களா? பள்ளிக்கூட ஆசிரியர், கல்லூரி விரிவுரையாளர், அரசு அலுவலகக் குமாஸ்தா. ஐந்து வருசத்தில் ஓரிரு நாள் மட்டும் செய்கிற வேலை இது. தினமும் செய்கிற வேலையே நமக்குத் தடுமாறுகிறது. தினமும் காப்பி போடுகிற வீட்டிலேயே ஒருநாள் சர்க்கரை மறந்துபோகிறது. ஐந்து வருசத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை எப்படி வரும்? பயிற்சியால்தான் வரும்! வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். எந்த வேலைக்கு எந்த ஆள் என்று பத்துக் குறளில் பாடம் நடத்தியிருக்கிறார். எந்த வேலைக்கு எந்த அட்டை என்று ஒரு குறளாவது இருக்கிறதா? (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி கேட்டார்: "சேஷன் அட்டை கொண்டு வந்ததால்தானே கள்ள ஓட்டுக் குறைந்தது?" சகோதரி, அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என்.சேஷன் காலத்தில், 1993இல் வாக்காளர் புகைப்பட அட்டைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். அட்டை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அரிவாள்மனை நல்லதுதான், மீன் நறுக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் மீனும் போகும், விரலும் போகும் என்கிறோம். (சிரிப்பு)

கொஞ்சம் வரலாற்றைப் பாருங்கள். 1951-52இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிறார்கள். வட மாநிலங்களில் பல வீடுகளில் பெண்களிடம் "பேர் என்னம்மா?" என்று கேட்டால் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய அம்மா" என்றுதான் பதில் வருகிறது. சொந்தப் பெயரை அந்நிய ஆணிடம் சொல்லக்கூடாது என்பது வழக்கம். எழுதப் போனவரும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். சுகுமார் சென் என்ற முதல் தலைமைத் தேர்தல் ஆணையர், சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றார். முடிவு என்ன? ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 28 லட்சம் தாய்மார்கள்! பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இது ஊர்ப் பேச்சுக்கு இல்ல, உன் உரிமைக்கு. உன் பேரைச் சொல்லு தாயே" என்று பக்குவமாகக் கேட்கத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தெருவுக்குப் போயிருந்தால், எத்தனை பெயர் பிழைத்திருக்கும்! பேர் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் ஐயா.

வெள்ளைக்காரன் ஊருக்குப் போவோம். இங்கிலாந்தில் 2023 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல். முதன்முதலாகப் படமுள்ள அடையாளம் கட்டாயம் என்றார்கள். ஏறத்தாழ 14,000 பேர் வாக்குச்சாவடி வரை வந்தும், சரியான அடையாளம் இல்லை என்று ஓட்டுப் போட முடியாமல் போனார்கள் என்று அந்த நாட்டுத் தேர்தல் ஆணையமே சொன்னது. அட்டையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம்ம ஊரில் 2024 மக்களவைத் தேர்தலில் என்ன சொன்னார்கள்? வாக்காளர் அட்டை இல்லையா, பரவாயில்லை. வேறு 12 ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம் என்று பட்டியல் நீளுகிறது. வீட்டுக்கு வந்து கொடுக்கிறார்களே பூத் சிலிப், அதை மட்டும் காட்டினால் போதாது. சரி, இந்தப் பன்னிரண்டும் வாக்காளருக்குத் தெரியாமல் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கே தெரியவில்லை என்றால்? பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா வீட்டுக்குத் திரும்புவார்! அட்டையா அவரைத் திருப்பி அனுப்பியது?

நம்ம புதுச்சேரியின் சிறப்பே தனி. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன். ஒரே தாய், ஒரே சாம்பார், ஒரே சண்டை! (சிரிப்பு) 2022 ஏப்ரலில் அண்ணன் இதே ஊரில் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டார். 2024 ஏப்ரல் 19 அன்று தம்பி நம் மக்களவைத் தேர்தலுக்குப் போட்டார். இரண்டு பேருக்கும் ஒரே முகச்சாயல், ஒரே தெரு. "அண்ணனா தம்பியா" என்று பார்க்க வேண்டியவர் தூங்கி வழிந்தால் நம்ம தேர்தலும் கெடும், பிரான்சு தேர்தலும் கெடும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுவரை ஊர்க்கதை சொன்னேன். இப்போது என் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

2006 சட்டமன்றத் தேர்தல். நான் முதலாம் வாக்குப்பதிவு அலுவலர். பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். போனேன். கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தேன். முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு ஓட்டுப் பட்டியல் படிக்கச் சொல்லித் தர வேண்டுமா என்ற நினைப்பு. மேடையில் அவர் பேசப் பேச, நான் மடியில் மாணவர்களின் கட்டுரை நோட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ல எழுத வேண்டிய இடத்தில் ள, ள எழுத வேண்டிய இடத்தில் ழ. சிவப்பு மையால் சுழித்துத் தள்ளினேன். வகுப்பு முடிந்தது. காப்பி குடித்தேன். வந்துவிட்டேன்.

தேர்தல் நாள். ஒரு கடலோர ஊர். பெயர் வேண்டாம். காலை பதினொரு மணி இருக்கும். எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா வந்தார். மீன் விற்கிறவர். கூடையை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் அவர் பெயரில் ளகரம், அட்டையில் லகரம்.

நான் யார்? தமிழ்ப் பேராசிரியன்! நேற்று வரை நோட்டில் சுழித்த அதே பிழை. "அம்மா, பேர் பொருந்தலையே" என்றேன். "என் பேருதாங்க ஐயா" என்றார். "ல வேற, ள வேறம்மா" என்றேன். எதிரே மூன்று கட்சி ஏஜெண்டுகள். எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் ஒரே குரலில், "சார், அந்தம்மாதான் சார், எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். "சட்டம் இருக்குங்க, திருத்திக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன். எந்தச் சட்டம்? எனக்கே தெரியாது! அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். மை வைக்காத விரலைப் பார்த்தார். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அரை மணி கழித்துத் தலைமை அலுவலர் வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் ஒரு தலைமையாசிரியர். ஏஜெண்டுகள் அவரிடம் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. கையேட்டைப் புரட்டி என் முன்னால் வைத்து விரலை ஊன்றினார். அச்சுப்பிழை, எழுத்துப்பிழை போன்ற சிறு பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம்; ஆள் அவர்தான் என்று உறுதியானால் போதும் என்ற விதி அங்கே இருந்தது. "இதை அன்னைக்கே வகுப்புல மூணு தடவை சொன்னாங்களே சார்" என்றார். மூன்று தடவையும் நான் ளகரத்தைச் சுழித்துக்கொண்டிருந்தேன்.

உடனே ஆள் அனுப்பினோம். போனவர் தனியாகத் திரும்பி வந்தார். அந்த அம்மா சொல்லி அனுப்பிய பதிலை அப்படியே சொல்கிறேன். "என் பேரை ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டு, அப்புறமா கூப்புடச் சொல்லு அந்த வாத்தியாரை."

(அரங்கில் அமைதி)

மாலை வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அந்த எழுத்துப்பிழை அவர் செய்ததா? அவருக்கு எழுதவே தெரியாது ஐயா. யாரோ ஒரு அலுவலகத்தில் யாரோ தப்பாக எழுதியதற்கு, நான் அவருக்குத் தண்டனை கொடுத்தேன். தமிழைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு தாயின் ஓட்டைப் பறித்தேன். கள்ள ஓட்டு என்றால், இல்லாதவர் பெயரில் போடுவது மட்டுமா? இருப்பவரைத் திருப்பி அனுப்புவதும் கள்ளம்தான். அதை நான் செய்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கு இந்த அணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேச வந்தேன். (நீண்ட கைதட்டல்)

அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் பயிற்சி வகுப்பு என்றாலும் முதல் பெஞ்ச்தான். போய் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, நம் முன்னோர்கள் மாதிரி எவ்வளவு யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள் என்று! உங்கள் வீட்டுக்கும் பயன்படும், சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு ஏஜெண்ட் எழுந்து "இவர் அவர் இல்லை" என்று ஆட்சேபித்தால் என்ன செய்வது? சும்மா வாயால் சொல்லிவிட முடியாது. 2 ரூபாய் கட்ட வேண்டும். அதோடு, ஆள் இவர் இல்லை என்பதற்கு ஆதாரத்தை முதலில் அவர்தான் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லையா, ஆட்சேபம் தள்ளுபடி. வாக்காளர் ஓட்டுப் போடலாம். இதைச் சேலஞ்ச் ஓட்டு என்பார்கள். இன்னொன்று, நாம் போகிறோம். "உங்க ஓட்டை ஏற்கெனவே போட்டுட்டாங்களே" என்கிறார்கள். அழுதுகொண்டு வரக்கூடாது! 2018இல் 'சர்கார்' படம் வந்த பிறகு 49பி என்று பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். நீங்கள்தான் உண்மையான ஆள் என்று தலைமை அலுவலர் திருப்தி அடைந்தால், இயந்திரத்தில் இல்லை, தனி வாக்குச்சீட்டில் உங்களைப் போட வைத்து உறையில் வைப்பார். டெண்டர் ஓட்டு என்று பெயர். பார்வை இல்லாதவர், தானாகப் பொத்தானை அமுக்க முடியாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஆனால் ஒரே ஆள் அன்றைக்கு இரண்டு பேருக்குத் துணையாக வர முடியாது. வந்தால் அவர் துணைவர் இல்லை, தரகர்! (சிரிப்பு)

இவ்வளவும் விதியில் இருக்கிறது. பயிற்சி இல்லாத அலுவலருக்கு இதில் எது நினைவுக்கு வரும்? "தெரியாதுங்க, அடுத்த ஆள் வாங்க" என்பதுதான் வரும்!

அடையாளம் பார்ப்பது மட்டுமா? வழிகாட்டுவதும் ஒரு கலைதான். ஒரே பள்ளிக்கூடத்தில் நாலு பூத். வெயிலில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஒரு மணி நேரம் நிற்கிறாள். உள்ளே போனால் "உன் பேரு இங்க இல்லம்மா, அந்தக் கடைசி ரூம்" என்கிறார்கள். மறுபடி வரிசையா? பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவருகிலேயே ஒருவர், பாகம் எண், வரிசை எண் பார்த்து, "நீங்க ரெண்டாவது ரூம், நீங்க வரிசையில நிக்க வேணாம், முன்னாடி போங்க தாயி" என்று சொன்னால் எவ்வளவு நிம்மதி! கல்யாண வீட்டில் வாசலில் நின்று "வாங்க, சாப்பாடு மாடியில" என்று ஒரு மாமா சொல்கிறாரே, அந்த மாமா இல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும். சாப்பாட்டுக்குத்தான் கலவரம் நடக்கும். (சிரிப்பு)

ஒரே ஒரு நுட்பத்தைக் கேளுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரம் வந்துவிட்டது. வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்குள் வந்து நின்ற அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு. அதற்கு எண் போட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும். நாமாக இருந்தால் முதலில் நிற்பவரிடமிருந்துதானே ஆரம்பிப்போம்? தப்பு! கொடுத்துக்கொண்டே போவதற்குள் பின்னால் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்துவிடுவார்கள். அதனால் கடைசியில் நிற்பவருக்கு முதல் சீட்டு! அவருக்குப் பின்னால் இனி யாரும் நிற்க முடியாது. வால் பிடித்தால் பாம்பு அடங்கியது! இந்தப் புத்தியை எந்த அட்டை சொல்லித் தரும்? (கைதட்டல்)

"ஒரு ஓட்டுதானே போச்சு, அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று எதிரணி சிரிக்கிறது. 2004 கர்நாடக சட்டமன்றத் தேர்தல், சந்தேமரஹள்ளித் தொகுதி. வெற்றி வித்தியாசம் 1 ஓட்டு. 2008 ராஜஸ்தான், நாத்துவாரா. அங்கேயும் 1 ஓட்டு. ஒரு ளகரம், ஒரு லகரம், ஒரு அரசாங்கத்தையே மாற்றும் ஐயா!

நம் மண்ணையே பாருங்கள். 1954 அக்டோபர் 18. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீழூர். பிரெஞ்சு ஆட்சியோடு இருப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்ய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அந்த 170-ஐ நாம் கொண்டாடுகிறோம்; சரிதான். நான் அந்த 8-ஐயும் கொண்டாடுகிறேன். ஊரே ஒரு பக்கம் நின்றபோது, எதிர்த்து விழுந்த எட்டு ஓட்டையும் யாரோ ஒரு கை மறைக்காமல், மாற்றாமல் எண்ணி வைத்ததே! அந்தக் கைக்குப் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அந்தக் கை நேராக இருந்ததால்தான் 170க்கு மதிப்பு. (கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் அவர்களே, மணி கேட்டது. ஒரே ஒரு கல்வெட்டு, முடித்துவிடுகிறேன்.

உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை எல்லோருக்கும் தெரியும். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று விதிகள் இருப்பதும் தெரியும். என் கண்ணில் நீர் வரவழைக்கிற இடம் வேறு. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்குகிறார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுக்கிறான். அதை வாங்குகிறவர் எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! ஏன்? விரலை மூடினால் உள்ளே வேறு ஓலையை ஒளிக்கலாம். வாங்கியதை எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். 1,100 ஆண்டுகளுக்கு முன்னால், தேர்தல் நடத்துகிறவன் கை எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களே! இதுதானய்யா பயிற்சிக் கையேடு! அவன் கல்லில் எழுதினான். நாம் தாளில் அச்சடிக்கிறோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கல்லும் கேட்காது, தாளும் கேட்காது.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அரசு ஊழியர்களே! அடுத்த தேர்தலுக்கு உங்களுக்குப் பயிற்சி உத்தரவு வரும். 'அய்யய்யோ, டூட்டி போட்டுட்டாங்க' என்று மருத்துவச் சான்றிதழ் தேடாதீர்கள். (சிரிப்பு) முதல் பெஞ்சில் போய் உட்காருங்கள். எங்கோ ஒரு மரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, ஒரு அம்மா உங்கள் மேசையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். அவர் பெயரில் எந்த எழுத்து இருந்தாலும் இருக்கட்டும். முகத்தைப் பாருங்கள். "உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகு அட்டையைப் பாருங்கள்.

அட்டைக்குக் கண் கிடையாது, பார்க்கிறவருக்குத்தான் உண்டு. அந்தக் கண்ணைத் திறப்பது பயிற்சி. ஆகவே தேர்தலின் நேர்மையைப் பெரிதும் காப்பது பயிற்சி பெற்ற அலுவலரே, அலுவலரே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, லகரமா ளகரமா என்று இன்னமும் என் கனவில் வந்து கேட்கிற அந்த அம்மாவுக்கு இந்தப் பேச்சைக் காணிக்கையாக்கி அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)